நிற்காமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க்: பழுதைக் கண்டுபிடிப்பது முதல் பாகம் மாற்றுவது வரை

ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் பலரும் நேராகக் கடைக்குப் போய் ஒரு முழு செட் வாங்கி வந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் போட்டு மாற்றிவிடுகிறார்கள். சில நாளில் மறுபடி அதே சத்தம். பழுது ஓர் இடத்தில் இருக்க, கை வைத்தது வேறு இடத்தில்.

டேங்கில் தண்ணீர் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. இந்த இரண்டில் எது சரியாக அடைபடவில்லை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பென்சிலும் ஒரு மணி நேரமும் போதும். பல வீடுகளில் எதையும் வாங்கவே தேவைப்படாது. ஒரு வாஷரைக் கழுவி மாட்டினாலோ, ஒரு திருகை இரண்டு சுற்று திருப்பினாலோ சத்தம் நின்றுவிடும்.

மூடியைத் திறந்தால்

பீங்கான் மூடி கனமானது. ஓரம் இடிபட்டால் கீறல் விடும், கீறல் விட்ட மூடியை ஒட்டிப் பயனில்லை. தரையில் பழைய துணியை விரித்து அதன்மேல் படுக்கவையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் காலில் தட்டுப்பட்டுச் சரியும். மூடியின் நடுவில் பட்டன் இருக்கும் டேங்கில் மூடியை அப்படியே வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பட்டன்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். சில வகைகளில் சிறிய பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வளையத்தைத் திருக வேண்டும்.

உள்ளே இருப்பது நல்ல தண்ணீர்தான், கை விடத் தயங்க வேண்டாம். ஒரு பக்கம் நெட்டுக்குத்தாக நிற்பது ஃபில் வால்வு, தண்ணீர் உள்ளே வரும் வழி. பழைய டேங்காக இருந்தால் ஒரு நீளமான கையும் அதன் நுனியில் ஒரு பந்தும் இருக்கும், அதைத்தான் பால் வால்வு என்கிறோம். புதியவற்றில் பந்துக்குப் பதிலாக வால்வின் தண்டிலேயே ஏறி இறங்கும் ஒரு மிதவைக் குவளை இருக்கும். இரண்டின் வேலையும் ஒன்றே: தண்ணீர் ஏற ஏற மிதவை மேலே போய் வால்வை அடைக்க வேண்டும்.

நடுவில் அடியோடு பொருந்தி இருப்பது ஃப்ளஷ் வால்வு, தண்ணீர் வெளியே போகும் வழி. கைப்பிடி உள்ள டேங்கில் இது செயினில் தொங்கும் ரப்பர் மூடியாக இருக்கும், ஃப்ளாப்பர் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். இரட்டை பட்டன் டேங்கில் கோபுரம் போல ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். அதன் அடியில் ஒரு வட்ட வாஷர்.

மூன்றாவதாக ஓவர்ஃப்ளோ குழாய். ஃபில் வால்வு அடைபடாவிட்டால் தண்ணீர் டேங்குக்கு வெளியே வழிந்து அறையை நனைக்காமல் இந்தக் குழாய் வழியாகக் கழிப்பறைக் கோப்பைக்குள் இறங்கிவிடும். இரட்டை பட்டன் கோபுரத்தில் நடுவில் இருக்கும் குழலே ஓவர்ஃப்ளோ. அதனால்தான் எந்தப் பழுதானாலும் தண்ணீர் கோப்பைக்குள்ளேயே ஓடுகிறது, எங்கிருந்து வருகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

பென்சில் சோதனை

ஒருமுறை ஃப்ளஷ் செய்து டேங்க் நிரம்பும்வரை காத்திருங்கள். பிறகு ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைப் பாருங்கள். தண்ணீர் அந்த விளிம்பைத் தொட்டு உள்ளே வழிந்துகொண்டிருந்தால் பழுது ஃபில் வால்வு பக்கம். மேற்கொண்டு சோதனை தேவையில்லை, அந்தப் பகுதிக்குப் போய்விடலாம்.

தண்ணீர் விளிம்புக்குக் கீழே நிற்கிறது, ஆனாலும் கோப்பையில் ஓட்டம் நிற்கவில்லை, அல்லது யாரும் தொடாமலே அவ்வப்போது சில விநாடிகள் டேங்க் தானாக நிரம்புகிறது என்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. டேங்கின் உட்புறச் சுவரில் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.
2. டேங்குக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆங்கிள் காக்கை வலப்பக்கமாகத் திருகி முழுக்க மூடுங்கள்.
3. ஒரு மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுவிட்டுக் கோட்டைப் பாருங்கள்.

மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஃப்ளஷ் வால்வு பக்கம் கசிவு. கோட்டிலேயே நின்றால் அடிப்பக்கம் நன்றாக இருக்கிறது. இப்போது காக்கைத் திறந்து வைத்து அரை மணி கழித்துப் பாருங்கள். மட்டம் கோட்டைத் தாண்டி ஏறினால் ஃபில் வால்வு அடைபடவில்லை. ஆங்கிள் காக் மூடியிருக்கும்போதே மட்டம் ஏறினால் காக்கும் சேர்ந்து ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்படியானால் வீட்டுக்கு வரும் மெயின் வால்வை மூடி சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

மட்டம் எங்கே போய் நிற்கிறது என்பதும் ஒரு துப்பு. அடிவரை இறங்கிக்கொண்டே போனால் வாஷர் அல்லது ஃப்ளாப்பர். பாதியில் ஏதோ ஓர் உயரத்தில் சொல்லிவைத்தாற்போல நின்றுவிட்டால் அந்த உயரத்தில் ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசலோ ஓட்டையோ இருக்கலாம். விரல் நகத்தால் குழாயைச் சுற்றித் தடவிப் பாருங்கள்.

கசிவு மிக நுண்ணியதாக இருந்தால் கோட்டில் வித்தியாசம் தெரியாது. அதற்கு வேறு வழி: டேங்கில் பத்துச் சொட்டு உணவில் சேர்க்கும் சிவப்பு நிறமியை விட்டு 20 நிமிடம் காத்திருங்கள். கோப்பையில் இருக்கும் நீர் நிறம் மாறினால் கசிவு உறுதி. நிறமி இல்லையென்றால் கோப்பையின் பின்பக்கச் சரிவை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு டிஷ்யூ தாளை அந்த இடத்தில் ஒட்டிவையுங்கள். உலர்ந்த தாளின் மேல் விளிம்பிலிருந்து ஈரம் ஒரு கோடாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத ஒழுகலையும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போட விரும்பினால் அதுவும் எளிது. டேங்கின் உள் நீளம் 35 செ.மீ., அகலம் 15 செ.மீ. என்றால் பரப்பு 525 சதுர செ.மீ. அதாவது மட்டம் 1 செ.மீ. இறங்கினால் அரை லிட்டருக்குச் சற்று அதிகம். மணிக்கு 2 செ.மீ. இறங்கினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 லிட்டர். ஃபில் வால்வு அடைபடாமல் ஓவர்ஃப்ளோவில் வழிவது இதைவிடப் பல மடங்கு. நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 360 லிட்டர்.

ஓவர்ஃப்ளோவில் வழிந்தால்: ஃபில் வால்வு பக்கம்

முதலில் மிதவையை விரலால் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வருவது உடனே நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது, மிதவையின் அளவுதான் தவறு. தூக்கியும் நிற்கவில்லை என்றால் வால்வுக்குள்ளே கோளாறு. இந்த ஒரு விநாடிச் சோதனையைச் செய்யாமல் புது வால்வு வாங்குவது வீண்.

மிதவை அளவு தவறாக இருந்தால் நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 25 மி.மீ. கீழே நிற்க வேண்டும். டேங்கின் உட்சுவரில் நீர்மட்டக் கோடு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். குவளை மிதவை உள்ள வால்வில் பக்கவாட்டில் ஒரு நீண்ட பிளாஸ்டிக் திருகோ, நெருக்கிப் பிடித்து நகர்த்தும் கிளிப்போ இருக்கும். மிதவை கீழே இறங்கும் திசையில் இரண்டு சுற்று திருப்பி, ஃப்ளஷ் செய்து, நிரம்பியதும் பார்த்து, மறுபடி திருப்புங்கள். பந்து வகையில் பித்தளைக் கையாக இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து, பந்து கீழே வரும்படி லேசாக வளைக்கலாம். ஒரு கை வால்வு பக்கம் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வின் கழுத்து உடையும். பிளாஸ்டிக் கையை வளைக்கவே கூடாது. அதற்கென்று ஒரு திருகு இருக்கும்.

பந்தைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் பந்து ஓட்டை. தண்ணீர் புகுந்த பந்து முழுக்க மிதக்காது, அதனால் வால்வும் முழுக்க மூடாது. பந்து டேங்கின் சுவரிலோ ஃப்ளஷ் வால்விலோ உரசி மாட்டிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். வால்வைச் சற்று முறுக்கி மாட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும். பகலில் சரியாக இருந்து, மட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் இரவில் ஓடும்.

இரவில் மட்டும் ஓடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லோரும் குழாய்களை மூடியபின் நேரடிக் குழாய் இணைப்பில் அழுத்தம் கூடும். தேய்ந்த வாஷர் பகல் அழுத்தத்தைத் தாங்கும், இரவு அழுத்தத்தைத் தாங்காது. காலையில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும்.

வால்வைச் சுத்தம் செய்வது

மிதவையைத் தூக்கியும் நிற்காத வால்வில் பெரும்பாலும் மணலோ துருவோதான் சிக்கியிருக்கும். குழாய் வேலை நடந்தபின், தொட்டி கழுவியபின் திடீரென்று ஓட ஆரம்பித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இப்போதைய வால்வுகளுக்குள் ஒரு மெல்லிய ரப்பர் தட்டு இருக்கிறது. அதில் ஊசி நுழையும் அளவு ஒரு சிறு துளை. அதன் வழியாகத் தண்ணீர் தட்டின் மறுபக்கம் சென்று தேங்கும். மிதவை ஏறி மேலே உள்ள வடிகால் துளையை அடைத்ததும் தேங்கிய தண்ணீரின் அழுத்தமே ரப்பர் தட்டை அழுத்தி வழியை மூடும். அந்தச் சிறு துளையில் ஒரு மணல் துகள் அடைத்தால் அழுத்தம் சேராது, மிதவை எவ்வளவு உயர்ந்தாலும் வால்வு மூடாது. ஒரு மணலுக்காக முழு வால்வையும் தூக்கிப் போடுகிறோம்.

1. ஆங்கிள் காக்கை மூடி ஃப்ளஷ் செய்யுங்கள்.
2. ஃபில் வால்வின் தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலைப்பகுதியை இடப்பக்கம் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள், கழன்று வரும். சில வகைகளில் இரண்டு மூன்று சிறு திருகுகள் இருக்கும்.
3. திறந்த வால்வின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, காக்கைப் பாதி திறந்து 10 விநாடி தண்ணீர் பீய்ச்ச விடுங்கள். டம்ளர் இல்லாமல் திறந்தால் தண்ணீர் கூரைக்குப் போகும். குழாயில் தேங்கிய மணல் இதில் வெளியேறும். மறுபடி மூடுங்கள்.
4. தலைப்பகுதியில் உள்ள ரப்பர் தட்டை எடுத்துக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிறு துளை திறந்திருக்க வேண்டும். ஊசியால் குத்தி அகலப்படுத்தக் கூடாது. மெல்லிய தூரிகை இழையால் தள்ளினால் போதும். தட்டில் வெட்டோ ஆழமான தடமோ இருந்தால் தட்டை மட்டும் மாற்றலாம்.
5. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வரும்படி வைத்து மூடுங்கள். கழற்றும்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் இங்கே தடுமாற வேண்டியதில்லை.

ஒழுகலையும் மெதுவாக நிரம்புவதையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. டேங்க் நிரம்பப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு கடைசியில் நின்றுவிடுகிறது என்றால் அது கசிவு அல்ல. ஃபில் வால்வின் அடிவாயில் விரல் நுனி அளவு ஒரு வலை வடிகட்டி இருக்கும், அது அடைத்திருக்கிறது. தண்ணீர் குழாயைக் கழற்றினால் வடிகட்டியை இடுக்கியால் இழுத்துக் கழுவலாம். மேல்நிலைத் தொட்டி டேங்குக்குச் சற்று உயரத்தில்தான் இருக்கிறது என்றாலும் இப்படி ஆகும்: 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும், 2 மீட்டருக்கு 0.2 பார்தான். அப்படிப்பட்ட வீட்டுக்குக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் வால்வு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

வால்வையே மாற்ற வேண்டுமானால்

வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். தண்ணீர் டேங்கின் அடியிலிருந்து வருகிறதா, பக்கவாட்டிலிருந்து வருகிறதா? குழாய் இணையும் மரை அரை அங்குலமா, எட்டில் மூன்று பங்கு அங்குலமா? பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லது.

1. காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து, மிச்சத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கீழே ஒரு பக்கெட் வையுங்கள், எவ்வளவு ஒற்றினாலும் அரை டம்ளர் கொட்டும்.
2. தண்ணீர் குழாயின் நட்டைக் கழற்றுங்கள். அதன்பின் டேங்கை வெளியிலிருந்து பிடிக்கும் பெரிய நட்டை இடப்பக்கம் திருகுங்கள். உள்ளே வால்வும் சேர்ந்து சுற்றாதபடி ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.
3. துளையைச் சுற்றி உள்ளும் புறமும் துடையுங்கள். பழைய ரப்பரின் கருமையோ உப்புப் படிவோ மிச்சமிருந்தால் புது வாஷர் ஒட்டி உட்காராது.
4. புது வால்வின் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். வால்வின் உடலில் இருக்கும் அடையாளக் கோடு ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 25 மி.மீ. மேலே இருக்க வேண்டும். டேங்கில் தேங்கிய நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி.
5. கூம்பு வாஷர் டேங்குக்கு உள்பக்கம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். பிளாஸ்டிக் மரையை அதற்குமேல் இறுக்கினால் அன்று உடையாது, மூன்று மாதம் கழித்து ஆள் இல்லாத நேரத்தில் உடையும்.
6. ரப்பர் வாஷரால் அடைபடும் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர், மரை அல்ல. டேப் சுற்றினால் நட் முழுதும் இறங்காமல் வாஷர் அழுந்தாது.

ஃபில் வால்விலிருந்து ஓவர்ஃப்ளோவுக்குப் போகும் சிறு குழாய் ஒன்று இருந்தால் அதன் நுனி ஓவர்ஃப்ளோ வாய்க்கு மேலே கிளிப்பில் நிற்க வேண்டும். அதை ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் ஆழமாகச் செருகிவிட்டால் அது டேங்கின் தண்ணீரை உறிஞ்சி இறக்கிக்கொண்டே இருக்கும். வால்வு புதிது, வாஷர் புதிது, ஆனால் ஒழுகல் நிற்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொள்பவர்கள் முதலில் இந்தக் குழாயைப் பார்க்க வேண்டும்.

மட்டம் இறங்கினால்: ஃப்ளஷ் வால்வு பக்கம்

கைப்பிடியும் ஃப்ளாப்பரும் உள்ள டேங்கில் முதலில் செயினைப் பாருங்கள். ஃப்ளாப்பர் மூடியிருக்கும்போது செயினில் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் தொய்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் ஃப்ளாப்பரைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கும். மிக நீளமாக இருந்தால் உபரிச் செயின் ஃப்ளாப்பருக்கு அடியில் போய் மாட்டும். கூடுதல் கண்ணிகளை வெட்டிவிடுங்கள். கைப்பிடி ஆடினால் உள்பக்க நட்டை இறுக்கலாம். ஆனால் இந்த நட்டுக்கு மரை தலைகீழ்: இடப்பக்கம் திருகினால் இறுகும். தெரியாமல் வழக்கம்போல வலப்பக்கம் முறுக்கிக்கொண்டே இருந்தால் கழன்று விழும்.

ஒழுகும்போது ஃப்ளாப்பரை ஒரு குச்சியால் கீழ்நோக்கி அழுத்துங்கள். ஓட்டம் நின்றால் அது சரியாக உட்காரவில்லை. கழற்றிக் கையில் எடுங்கள். விரலில் கருப்பு மை போல ஒட்டினால் ரப்பர் கெட்டுவிட்டது, கழுவிப் பயனில்லை. உட்காரும் வாயின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். உப்புப் படிவு சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் வினிகர் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டுவைத்துத் தேய்த்தால் போகும். கத்தியால் சுரண்டினால் விழும் கீறலே புதுக் கசிவாகும். ஃப்ளாப்பர்கள் 2 அங்குலம், 3 அங்குலம் என்ற இரு அளவில் வருகின்றன. வாயின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள்.

இரட்டை பட்டன் டேங்க்

இப்போது மிகுதியாக இருப்பது இதுதான், மிகுதியாகத் தவறாகக் கழற்றப்படுவதும் இதுதான்.

முதல் சோதனை, பட்டனைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது. கழற்றியதும் கசிவு நின்றால் வால்வில் பழுதில்லை, பட்டன்தான் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. பட்டனுக்கு அடியில் உள்ள இரண்டு கம்பிகளைத் திருகி நீளம் குறைக்கலாம். பட்டன் மேலே நிற்கும்போது கம்பியின் நுனிக்கும் கோபுரத்தின் தலைக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பட்டனின் கூட்டில் உப்பு படிந்து அழுத்தினால் மேலே வராமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும்.

பட்டன் காரணமில்லை என்றால் கோபுரத்தை எடுக்க வேண்டும்:

1. காக்கை மூடி ஃப்ளஷ் செய்யுங்கள்.
2. கோபுரத்தை அடிப்பக்கமாக இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் கால் சுற்று திருப்பித் தூக்குங்கள். திரும்பாவிட்டால் பலம் போடாமல் பக்கவாட்டில் அழுத்தும் காதுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.
3. கோபுரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வட்டமான, தட்டையான சிலிகான் வாஷர் இருக்கும். அதன்மேல் விரல் நகத்தைச் சுற்றி ஓட்டுங்கள். ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டியிருந்தால் நகத்தில் தட்டும். விளிம்பில் அழுந்தி அழுந்தி வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் வயதாகிவிட்டது.
4. வாஷரை உரித்து எடுத்துச் சோப்பு நீரில் கழுவுங்கள். பள்ளம் விழுந்த தட்டை வாஷரைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் சில காலம் தாங்கும். இது அவசரத்துக்கான வழி. புது வாஷர் கிடைக்கும்வரை. வாங்கும்போது வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு போங்கள், அல்லது பழையதையே கொண்டுபோங்கள். கண் அளவில் ஒன்று போல இருப்பவை தடிமனில் ஒரு மி.மீ. மாறினாலும் அடைக்காது.
5. டேங்கின் அடியில் வாஷர் உட்காரும் விளிம்பைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு முழுச் சுற்று தடவுங்கள்.
6. வாஷரைத் தண்ணீரில் நனைத்து மாட்டுங்கள். வாசலின், எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். அவற்றில் ஊறினால் பல வகை ரப்பர் உப்பிப்போகும்.
7. கோபுரத்தை இறக்கி, வலப்பக்கம் திருப்பி, பூட்டிக்கொண்டதும் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். தூக்கினால் வரக் கூடாது.

சுவருக்குள் மறைத்த டேங்காக இருந்தாலும் உள்ளே இதே பாகங்கள்தான். முன்பக்கத் தகட்டை மேல்நோக்கித் தள்ளியோ அடிப்பக்கத் திருகைக் கழற்றியோ எடுத்தால் ஒரு ஜன்னல் போலத் திறக்கும். உள்ளேயே ஒரு சிறு காக் இருக்கும், அதை மூட வேண்டும். பாகங்களை வரிசையாகத்தான் வெளியே எடுக்க முடியும், அந்த வரிசையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரை உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் வாஷருக்காக அது தேவையில்லை.

புது வாஷர் போட்டும் மட்டம் இறங்கினால்

கசிவு வாஷரில் இல்லை, வால்வின் அடிப்பாகத்துக்கும் டேங்கின் துளைக்கும் நடுவில் உள்ள பெரிய கேஸ்கெட் என்ற அடைப்பு ரப்பரில் இருக்கிறது. அந்தத் தண்ணீரும் கோப்பைக்குள்ளேயே இறங்குவதால் வெளியே சொட்டாது. டேங்க் கோப்பையின் மேலேயே அமர்ந்திருக்கும் வகையில் டேங்கை இறக்காமல் இதை மாற்ற முடியாது.

வெறும் டேங்கே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் வேண்டும். தண்ணீரை முழுக்க வற்றவிட்டு, டேங்கையும் கோப்பையையும் பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். துருப்பிடித்து அசையாவிட்டால் இடுக்கில் ஹாக்ஸா பிளேடை விட்டு அறுப்பதே நல்லது. ஸ்பேனரால் மல்லுக்கட்டினால் பீங்கான்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். டேங்கைத் துணிமேல் படுக்கவைத்து அடிநட்டைக் கழற்றி, கேஸ்கெட்டையும் டேங்குக்கும் கோப்பைக்கும் இடையே உள்ள தடித்த ரப்பர் வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். போல்ட் வாஷர்களும் புதிதாகவே இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். இங்கே அரைச் சுற்று, அங்கே அரைச் சுற்று என்று மாறி மாறி. டேங்க் ஆடாமல் நேராக அமர்ந்ததும் நிறுத்த வேண்டும்.

டேங்கின் பீங்கானிலேயே விரிசல் இருந்தால் பசை, பூச்சு என்று எதையும் முயல வேண்டாம். அந்த டேங்கை மாற்றத்தான் வேண்டும். ஆங்கிள் காக் மூடவே மறுக்கிறது, மெயின் வால்வு எங்கே என்றும் தெரியவில்லை என்றால் எதையும் கழற்றும் முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

செய்யக் கூடாதவை சில

டேங்குக்குள் போடும் குளோரின் வில்லைகள் ரப்பரையும் வாஷரையும் அரித்துவிடும். வாஷர் மாற்றிய டேங்கில் அதைத் திரும்பப் போட்டால் சில மாதத்தில் இதே வேலைக்கு வர வேண்டியதுதான். வாஷர் உட்காரும் இடத்தில் சிலிகான் பசை பூசுவதும் தப்பு. அது சமமாகக் காயாது, பிறகு சுரண்டி எடுப்பதற்குள் விளிம்பு போய்விடும். உப்பு நீக்கத் தரை கழுவும் ஆசிட்டை டேங்கில் ஊற்றினால் உலோகத் திருகுகள் கரையும். டேங்கில் ப்ளீச்சிங் பவுடரோ குளோரின் வில்லையோ இருக்கும் நேரத்தில் வினிகர் உட்பட எந்த அமிலம் சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும். அதனால் வினிகர் போடும் முன் வில்லையை எடுத்துவிட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்து கழுவுங்கள்.

முடித்தபின் சரிபார்ப்பு

காக்கை மெதுவாகத் திறந்து டேங்க் நிரம்பியதும் பழைய பென்சில் கோட்டை அழித்துப் புதுக் கோடு போடுங்கள். இரட்டை பட்டன் என்றால் பெரிய பட்டனை ஐந்து முறை, சின்னதை ஐந்து முறை அழுத்தி ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிற்கும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். படுக்கப் போகும் முன் காக்கை மூடிவிட்டு, கடைசி ஆள் ஃப்ளஷ் செய்யாதபடி பார்த்துக்கொண்டு, காலையில் கோட்டைப் பாருங்கள். கழற்றி மாட்டிய ஒவ்வொரு நட்டின் அடியிலும் உலர்ந்த டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். உடனே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஏனென்றால் புது ரப்பர் அழுந்தி அமர ஒரு நாள் ஆகும். எங்காவது ஈரம் தட்டினால் அந்த நட்டுக்கு மட்டும் இன்னும் எட்டில் ஒரு சுற்று கொடுத்துவிட்டு மூடியைப் போடுங்கள்.